தெப்பக்குளத்துச் சுவரில் இருசம்மாள்

இருசம்மாள் எந்த ஊருக்குப் போனாலும், எந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாலும், அவள் கண் முதலில் ஒரு மேட்டைத் தேடும். திருவிழாவானால் மதில் ஓரத்துக் கல். சந்தையானால் மூட்டை அடுக்கிய இடம். பஸ் நிற்கும் இடமானால் பாலத்துக் கட்டை. கண்ணில் பட்டதும் கூட வந்தவர் தோளைத் தொட்டு, தவறிப்போனால் தான் அங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிடுவாள். பூலாம்பாடிக் காலனியில் இதை வைத்து அவளைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. கல்யாணப் பந்தியில்கூட ஏறி நிற்க இடம் பார்க்கிறவள் என்று அவள் நாத்தனார் ஆண்டாயி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சிரித்தவர்களுக்கும் காரணம் தெரியும். ஊருக்கு மேற்கே பச்சைமலை. வயல் வேலை இல்லாத மாதங்களில் காலனிப் பெண்கள் விறகுக்காக மலை ஏறுவார்கள். மலையில் அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கூட்டத்தை விட்டுத் தவறியவள் நடக்கக் கூடாது. கிட்டத்தில் உள்ள பாறையில் ஏறி உட்கார்ந்து, வாயருகே கை குவித்து, ‘ஊ...ய்’ என்று அடிவயிற்றிலிருந்து கூவ வேண்டும். மற்றவர்கள் பதிலுக்குக் கூவிக்கொண்டே தேடி வருவார்கள். தேடுகிறவர்கள் நடக்கலாம். தேடப்படுகிறவளும் நடந்தால் இரண்டு தரப்பும் பொழுது சாயும் வரை ஒரே குன்றைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இருசம்மாளின் சேக்காளி செல்வம்மாள் ஒருமுறை பயத்தில் நடந்துவிட்டாள். மழைக்காலம். ஓடைப் பள்ளத்தில் அவளைக் கண்டெடுத்தபோது விறகுக்கட்டு மட்டும் அவிழாமல் இருந்தது. அவளைச் சுமந்து இறக்கியவர்களில் இருசம்மாளும் ஒருத்தி. அன்றைக்கு அவள் மனசுக்குள் இரண்டு முடிவு எடுத்தாள். தவறினால் நடப்பதில்லை. பிறக்கிற பிள்ளையை மலைக்கு அனுப்புவதில்லை.

பிறந்தது அம்சவள்ளி. சொன்னபடியே இருசம்மாள் அவளை ஒருநாளும் மலைக்கு அழைத்துப் போகவில்லை. வெங்காயக் காட்டுக் களைக்கும் முடிந்தவரை அனுப்பவில்லை. பெண் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம், நர்சு படிப்புக்கு நேர்முகத் தேர்வு என்று திருச்சியிலிருந்து கார்டு வந்தது. குறித்த நாளில் மதியம் இரண்டு மணிக்குச் சான்றிதழ்களோடு வர வேண்டும். வராதவர் இடம் அடுத்தவருக்குப் போகும்.

அப்பன் மாயவன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் வேலைக்குப் போயிருந்தான். லீவு கேட்டால் வேலை போய்விடும். பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத, பெரம்பலூரைத் தாண்டிப் போயிராத இருசம்மாள் துணைக்குக் கிளம்பினாள். சான்றிதழ்கள் இருந்த மஞ்சள் பையை அவள்தான் வைத்துக்கொண்டாள். பெண் வாயாடிக்கொண்டே எங்காவது வைத்துவிடுவாள் என்ற பயம்.

பெரம்பலூரில் பஸ் மாறினார்கள். பாடாலூரில் டீ குடிக்க வண்டி நின்றது. அம்சவள்ளிக்கும் குடிக்க ஆசை. தாய் இறங்க விடவில்லை. அந்தக் காலத்தில் அவளுக்குத் தெரிந்த டீக்கடைகளில் காலனிக்காரர்களுக்கென்று வெளியே ஆணியில் ஓர் அலுமினிய டம்ளர் தொங்கும். குடித்துவிட்டுத் தானே கழுவி மாட்டிவிட வேண்டும். தெரியாத ஊரில் அந்த ஆணி எந்தப் பக்கம் இருக்கும்? இருக்கிறதா இல்லையா? யாரிடம் கேட்பது? கேட்டாலே தெரிந்துவிடுமே. தாகமே இல்லை என்று மகளுக்கும் சேர்த்து அவளே சொல்லிவிட்டாள்.

கொள்ளிடப் பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கித்தான் திறந்தாள் என்று சொல்ல வேண்டும்.

திறந்த கண்ணுக்கு எதுவும் ஒழுங்காகப் படவில்லை. ஜட்கா வண்டிக் குதிரைகள், ரிக்ஷாக்கள், கூடை கூடையாக மல்லிகை, அதன் பக்கத்திலேயே குதிரைச் சாணம். ஒருவன் வெள்ளரிப் பிஞ்சை நாலாகப் பிளந்து மிளகாய்த்தூள் தடவி நீட்டினான். இன்னொருவன் சோடா பாட்டில் குண்டைக் கட்டை விரலால் அமுக்க, அது கீச்சென்று கத்தியதில் இருசம்மாள் துள்ளி விழுந்தாள். பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே அம்சவள்ளியின் ஒரு செருப்பு வார் அறுந்துபோனது. வெறுங்காலோடு நேர்முகத் தேர்வுக்குப் போக மாட்டேன் என்றாள். கடைத்தெரு கிட்டத்தில்தான், நேரமும் இருக்கிறது. அறுந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மெயின்கார்டு கேட்டைத் தாண்டியதும் தெரு கொதித்துக்கொண்டிருந்தது. கடை வாசலிலேயே ஒருவன் பரோட்டா மாவை வீசி வீசி அடித்தான். வேட்டியை அலசுகிற மாதிரி மாவு அகலமாகி, காகிதம் போல மெலிந்து, அதன் வழியாக அவன் முகம் தெரிந்தது. அடுத்த கடையில் நெய் சொட்டும் அல்வாவைக் கத்தியால் வெட்டி வாழையிலைத் துண்டில் வைத்தார்கள். வெங்காயம் வறுபடும் வாசனை வந்தது. தன் கையால் களை எடுத்த காட்டு வெங்காயமாகக்கூட இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இங்கே வந்து இப்படி மணக்கும் என்று யார் கண்டது?

"வாயத் தொறந்துக்கிட்டு வராதம்மா. ஈ பூந்துடும்" என்றாள் அம்சவள்ளி.

வியப்பைவிடப் பயம்தான் அதிகம். ஜனங்கள் நடுத்தெருவில் நின்று தின்றார்கள். வெள்ளைச் சட்டைக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே வண்டியை ஒட்டி நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காமலே தின்றார்கள். ஊரில் எங்கே நிற்கலாம், எங்கே ஒதுங்க வேண்டும் என்று தரையே சொல்லிவிடும். இந்தத் தரை எதுவும் சொல்லவில்லை. எந்த நிமிஷம் எவன் வந்து ‘இங்க ஏன் நிக்கிற’ என்பானோ என்று அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் உயர்ந்திருந்தன.

தெப்பக்குளத்தைச் சுற்றியிருந்த சுவர் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. ஏறி உட்காரத் தோதான உயரம். மகளிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து வாழைத்தார் ஏற்றிய கைவண்டி ஒன்று, ஓரம் ஓரம் என்ற கத்தலோடு வந்துவிட்டது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. யாருடைய முழங்கையோ மஞ்சள் பையில் இடித்தது. பை போய்விட்டது என்றே நினைத்து, மகளின் கையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

வண்டி போயிற்று. பை இருந்தது. மகள் இல்லை.

முதலில் கால்தான் ஓடப் பார்த்தது. செல்வம்மாளின் முகம் முன்னால் வந்து நின்றதும் காலை அடக்கினாள். சுவரில் ஏறினாள். கை குவித்து ‘ஊ...ய்’ என்று கூவினாள்.

மலையில் அந்தக் கூவல் இரண்டு குன்று தாண்டும். இங்கே எதிர்க்கடை வரைக்கும் போகவில்லை. மறுபடி கூவினாள். எதிரே சீப்பு விற்றவன் தன் குரலை இன்னும் ஒரு கட்டை ஏற்றினான், அவ்வளவுதான். குடை பிடித்த ஒருவர் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா விக்கிற? கூடையக் காணோமே?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தெருவில் கூவாத ஆளே இல்லை. அதில் இவளும் ஒரு புது வியாபாரி. அது இருசம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. காட்டில் கேட்காமல் போனால் காற்றின் மேல் பழி போடலாம். இத்தனை காதுகள் இருக்கிற இடத்தில் கேட்காமல் போனால்?

ஒரு போலீஸ்காரர் வந்து லத்தியால் சுவரைத் தட்டி இறங்கச் சொன்னார். இறங்கினாள். அவர் முதுகு மறைந்ததும் மறுபடி ஏறினாள். போலீஸ் சொல்லை அவள் மீறியது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான். ஏறிய வேகத்தில் சுவரின் காரை பெயர்ந்து உதிர்ந்தது. பதினேழு வயதுப் பெண், ஒரு கால் செருப்போடு, இந்த ஊருக்குள். நினைப்பு அதற்கு மேல் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு இந்தப் பை போய்ச் சேராவிட்டால் அவள் பெண் நாளைக்கு வெங்காயக் காட்டில். அடுத்த வருஷம் மலையில்.

சுவருக்குக் கீழே ஒருத்தி பெரிய கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கூடைக்குள் துணி போர்த்திய சோற்றுப் பானை, கருவாட்டுக் குழம்புச் சட்டி, நறுக்கிய வாழையிலைகள். மூட்டை தூக்குகிறவர்களுக்கு மதியச் சோறு விற்கிறவள். பெயர் சிந்தாமணி. இருசம்மாள் ஏறுவதையும் இறங்குவதையும் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், வியாபாரம் ஓய்ந்த ஒரு நிமிஷத்தில் நிமிர்ந்தாள். யாரைத் தேடுகிறாள் என்று கேட்டாள். இருசம்மாள் இரண்டு வார்த்தை பேசியதுமே அவள் முகம் மாறியது.

"பேச்சு நம்மூருப் பக்கமாட்டம் இருக்கே. எந்த ஊரு?"

"பூலாம்பாடிங்க."

"அட, நான் செந்துறைக்காரிதான். பொழைக்க வந்து காலம் ஆயிப்போச்சு. பூலாம்பாடியில யாரு வூடு?"

அன்றைக்கு முழுதும் இருசம்மாள் பயந்த பயங்களில் இதுதான் பெரிது. தெரியாத ஊரில் தெரியாதவர்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நம் பக்கத்து ஆளுக்கு எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியும். வீட்டுப் பெயர் கேட்டால் தெரு வரும், தெரு வந்தால் எல்லாம் வரும். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். வாய் வரவில்லை.

"காலனிங்க, ஆண்டச்சி" என்றாள். ஊரில் நிலக்காரர் வீட்டுப் பெண்களை அவள் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

சிந்தாமணி குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று இருசம்மாளால் பிற்பாடும் சொல்ல முடிந்ததில்லை.

"இங்க ஏது ஆண்டச்சி? சோத்துக் கூடைக்காரி நானு. எறங்கி வா. மூஞ்சியப் பாத்தா காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலன்னு தெரியுது."

இறங்கிய இருசம்மாள் முந்தானையை விரித்து ஏந்தினாள். ஊரில் அப்படி வாங்கிப் பழகிய கை தானாகச் செய்தது.

"முந்தானையில கொழம்ப ஊத்துனா ஒழுகிப் போவும். ஒக்காந்து எலையில தின்னு" என்று சிந்தாமணி இலையைத் தரையில் போட்டாள்.

உட்கார்ந்து தின்றாள். எதிரில் உட்கார்ந்து ஒருத்தி போட, தெருவைப் பார்த்தபடி அவள் தின்ற முதல் சோறு அது. ஒவ்வொரு வாய்க்கும் ஒருதரம் அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டாள். ஏன் அந்தச் சுவரையே கட்டி அழுகிறாய் என்று சிந்தாமணி கேட்டாள். இருசம்மாள் மலைச் சட்டத்தைச் சொன்னாள். தேடுகிறவர்கள் வருவார்கள், தான் நகரக் கூடாது.

"ஒம் மவ மலைக்கு வந்திருக்காளா?"

"இல்லீங்க. ஒருநாளும் கூட்டிட்டுப் போனதில்ல."

"அப்புறம் அவளுக்கு எப்படித் தெரியும், ஆத்தா இந்த மேட்டுலதான் இருப்பான்னு?"

இருசம்மாளின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. தெரியாதுதான். எந்த மேடு என்று சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. மலைச் சட்டமே தெரியக் கூடாது என்றுதானே வளர்த்தாள்? கூவினால் பதில் கூவ அவள் பெண்ணுக்குத் தெரியாது. இந்தச் சுவரில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாலும் யாரும் வரப்போவதில்லை.

நடக்க வேண்டும். செல்வம்மாள் நடந்த மாதிரி.

மகள் போக வேண்டிய இடம் எதுவென்று சிந்தாமணி கேட்டாள். கார்டு மகளிடம் இருந்தது, பெயர் தெரியவில்லை. நர்சு, பெரிய ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னாள். புத்தூர்ப் பக்கமாகத்தான் இருக்கும் என்று சிந்தாமணி கூடையைப் பக்கத்துப் பூக்காரியிடம் தள்ளிவிட்டு எழுந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எங்கே கிளம்பிவிட்டாய், தூக்குகிறவர்கள் வந்தால் கூடையோடு தூக்கிப் போய்விடுவார்கள் என்று பூக்காரி சத்தம் போட்டாள். தின்றுவிட்டுப் போகட்டும், என்னையா தின்றுவிடப் போகிறார்கள் என்றாள் சிந்தாமணி.

டவுன் பஸ்ஸில் இருசம்மாள் பையைக் கடித்துக்கொள்ளாத குறையாகப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவர் இன்னும் தூரமாகப் போவதுபோல இருந்தது. அந்த நிமிஷமே மகள் அங்கே வந்து நின்றால்? அவள் கலக்கத்தைப் பார்த்து சிந்தாமணி ஊர்ப் பேச்சை எடுத்தாள். செந்துறையில் தனக்கு யாரும் இல்லை, அந்தப் பக்கத்து மண்ணை மிதித்தே எவ்வளவோ காலம் ஆயிற்று, ஒருநாள் போக வேண்டும் என்றாள். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று இருசம்மாளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காலனி வீடு. இவள் வருவாளா? அப்படிக் கேட்பதே ஒரு மாதிரி ஆகிவிடாதா? விழுங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் விசாரித்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். தாழ்வாரத்தில் பெண்பிள்ளைகள் அப்பன்மாரோடு வரிசையில் இருந்தார்கள். அம்சவள்ளி இல்லை. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாயவன் மகள் அம்சவள்ளி என்று கூப்பிட்டதும் இருசம்மாள் பையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இந்தா இருக்குங்க."

"பை இருக்கும்மா. பொண்ணு எங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தவறிப்போய்விட்டாள் என்று இருசம்மாள் சொன்னாள். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். வரிசை முடிந்ததும் இன்னொரு தடவை கூப்பிடுவேன், அதற்கு மேல் தன்னால் ஆகாது என்றார். வரிசை ஒவ்வொருவராகக் குறைந்தது. காட்டில் பொழுது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பவள்போல இருசம்மாள் அதைப் பார்த்திருந்தாள்.

சிந்தாமணி வாசலுக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள். பெண் எப்படி இருப்பாள் என்று கேட்டாள். பெற்ற மகளின் அடையாளம் இருசம்மாளுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஒரு செருப்பக் கையில வச்சிருப்பா" என்றாள்.

அந்த அடையாளம் போதுமாக இருந்தது. அம்சவள்ளி சத்திரம் பஸ் நிலையத்தில்தான் அத்தனை நேரமும் நின்றிருந்தாள். அம்மாவுக்கு வேறு எந்த இடமும் தெரியாது, இறங்கிய இடத்துக்குத் திரும்புவாள் என்பது அவள் கணக்கு. அழுது அழுது, நேரம் நெருங்கியதும், வேறொரு நாள் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்க்கலாம் என்று வந்தவள், வாசலில் ஒருத்தி தன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததும் அலறிவிட்டாள். சிந்தாமணி எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. இழுத்துக்கொண்டே உள்ளே ஓடி வந்தாள். கடைசிப் பெண் எழுந்து போய்க்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை பெயரைக் கூப்பிட்டபோது அம்சவள்ளி செருப்புகளை உதறிவிட்டு, பையோடும் வெறுங்காலோடும் உள்ளே போனாள்.

கதவையே பார்த்துக்கொண்டிருந்த தாய் திரும்பியபோது சிந்தாமணி இல்லை. கூடை ஞாபகம் வந்து போய்விட்டாள். சோற்றுக்கும் சரி, நடையாக நடந்ததற்கும் சரி, இருசம்மாள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

இடம் கிடைத்தது. அம்சவள்ளி விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிந்தாமணியைப் போய்ப் பார்ப்பாள். ஒவ்வொரு வெங்காய அறுப்புக்கும் இருசம்மாள் காய்ந்த தாளோடு சடை பின்னிய சின்ன வெங்காயம் கொடுத்தனுப்புவாள். சிந்தாமணியும் வாங்கிக்கொள்வாள், அம்மாவை வரச் சொல் என்பாள். இருசம்மாள் போகவில்லை. திருச்சி என்றாலே அவளுக்குப் பயம் என்பது ஒன்று. ஆனால் அது மட்டும் இல்லை.

"வெங்காயம் வெங்காயந்தான் புள்ள. அவ எனக்கு எல போட்டா. நானும் எல போட்டாத்தான் அது தீரும்" என்று மகளிடம் சொல்வாள். அப்படியானால் கூப்பிட்டுவிட வேண்டியதுதானே என்று மகள் கேட்பாள். கூப்பிட்டு, வருகிறேன் என்று சொல்லி வராமல் போய்விட்டால்? வந்து, பசிக்கவில்லை என்று தண்ணீர்கூடத் தொடாமல் போய்விட்டால்? அன்றைக்குத் தின்ற சோறே கசந்துவிடுமே என்பாள். இதைப் பயம் என்பதா, ரோசம் என்பதா? அவளைத் தெரிந்தவர்கள் இரண்டும் சொன்னார்கள். வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய மாதம், தானே போய்க் கூப்பிட்டு வருகிறேன் என்று அம்சவள்ளி கிளம்பினாள். இருசம்மாள் வாசலை மறித்து நின்றுவிட்டாள்.

எண்பத்தாறில் மஞ்சள் காமாலை வந்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மகள் கைமேலேயே இருசம்மாள் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து அம்சவள்ளி திருச்சிக்குப் போய்ச் சிந்தாமணியிடம் சொன்னாள். சிந்தாமணி கூடையை மூடினாள். பிறகு மறுபடி திறந்து அவளுக்கு ஓர் இலை போட்டாள். அம்சவள்ளி சாப்பிட்டாள். எழுந்திருக்கும்போது, ஒருதரம் பூலாம்பாடிக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிடுவீர்களா என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

கேட்கவில்லை.